ஒரே குடும்பம், நாலு கைகள்



போன வாரம் பிள்ளையார்பாளையத்திலிருந்து என் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். தறிக் குடும்பம். "சார், கோயில் தூணில் இருக்கிற அன்னத்தைப் பார்த்து முந்தானைக்கு டிசைன் போட்டேன். இது வெறும் காப்பிதானேன்னு என் பையன் கேட்கிறான். என்ன சொல்றது?" என்றார். போனில் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

நம் கைலாசநாதர் கோயிலை நினைத்துக்கொள்ளுங்கள். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டியது. கருவறையில் லிங்கத்துக்குப் பின்சுவரில் சிவன், பக்கத்தில் உமை, அவள் மடியில் குழந்தை முருகன். இதுதான் சோமாஸ்கந்தர். உமையோடும் கந்தனோடும் இருப்பவர் என்று பொருள். ராஜசிம்மனுக்கு மிகவும் பிடித்த உருவம். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலிலும் இதே குடும்பத்தைக் காணலாம்.

அது சுவரோடு ஒட்டிய புடைப்புச் சிற்பம். உளி ஒருமுறை எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. மூவரும் ஒரே கல்லில் இருப்பதால் தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கவும் முடியாது.

இனி வெளியே வாருங்கள். திருச்சுற்றில் வரிசையாக 58 சிற்றாலயங்கள். அவற்றில் ஒன்றில் இதே குடும்பம் வண்ணத்தில் இருக்கிறது. கல்லின் மேல் சுண்ணாம்புச் சாந்து பூசி, அதன்மேல் தீட்டியது. புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த பிரெஞ்சு அறிஞர் துப்ராய் 1931இல் இக்கோயில் ஓவியங்களை உலகத்துக்குக் காட்டினார். உளிக்கு எட்டாத மெல்லிய கோடு தூரிகைக்கு எட்டும். ஆனால் சாந்து உதிர்ந்தால் ஓவியமும் போய்விடும். இன்று எஞ்சியிருப்பது கொஞ்சம்தான்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். எத்தனையோ வருஷம் உங்களை வரிசையாக அழைத்துப் போயிருக்கிறேன். சிங்கத் தூண்களைக் காட்டினேன், மன்னன் பெயரை மனப்பாடம் செய்யச் சொன்னேன். அந்தச் சிற்றாலயத்தை மட்டும் மங்கிய சுவர் என்று தாண்டி நடந்துவிட்டேன். தவறு என்னுடையது.

மூன்றாவது, சுதை. மணற்கல் மழையிலும் வெயிலிலும் தேயும். பிற்காலத்தில் தேய்ந்த சிற்பங்கள் மேல் சுதை பூசி உருவத்தைத் திருத்தினார்கள். அதனால் இந்தக் கோயிலில் நாம் கும்பிடும் சில முகங்கள் பல்லவச் சிற்பி செதுக்கியவை அல்ல, சுதைக்காரர் கைவண்ணம்.

நாலாவது, செம்பு. சுவரில் இருக்கும் சாமி வீதிக்கு வர முடியாது. சோழர் காலத்தில் உற்சவத் திருமேனிகள் பெருகின. தேன்மெழுகில் உருவம் பிடித்து, மேலே வண்டல் மண் பூசிக் காயவைத்து, சூடுகாட்டி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். மண்ணை உடைத்தால்தான் சாமி வெளியே வருவார். மெழுகாக இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம். உலோகம் ஊற்றிய பிறகு அந்தச் சலுகை இல்லை.

இங்கேதான் ஒரு மாற்றம். பல்லவர் கல்லில் அம்மா மடியில் இருந்த பிள்ளை, செம்புத் திருமேனிகளில் இறங்கி, இருவருக்கும் நடுவே பீடத்தில் நிற்கிறான். அழகுதான். ஆனால் சின்ன உருவம், பெரும்பாலும் தனியாகச் செய்து பொருத்தியது. அதனால் அருங்காட்சியகங்களில் சில சோமாஸ்கந்தர்களில் குழந்தையைக் காணோம். அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்திருக்க, நடுவில் வெற்றிடம்.

ஏகாம்பரநாதர், காமாட்சி கோயில்களுக்கு நடுவே குமரகோட்டம் இருப்பதால் நம் ஊரே சோமாஸ்கந்தர்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கல், வண்ணம், சுதை, செம்பு என்று எதில் செய்தாலும் குடும்பம் ஒன்றுதான். ஆனால் பிள்ளையை எங்கே வைப்பது, எதைத் திருத்துவது, எதை விடுவது என்று ஒவ்வொரு கையும் புதிதாக யோசிக்க வேண்டியிருந்தது. ஒன்றில் அழிந்தது இன்னொன்றில் பிழைத்தது.

தம்பி, உன் பையனிடம் இதைச் சொல். பாவும் ஊடையும் நேராகத்தான் போகும். அதில் அன்னத்தின் வளைந்த கழுத்தைக் கட்டம் கட்டமாகக் கொண்டுவர நீ எத்தனை நாள் கணக்குப் போட்டாய் என்று அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டு. அது காப்பி இல்லை என்று அவனுக்கே புரியும்.

ஊருக்கு வரும்போது பிள்ளைகளைக் கைலாசநாதர் கோயிலுக்கு அழைத்துப் போங்கள். அந்த ஓவியத்தைத் தொடாமல், பிளாஷ் போடாமல் காட்டுங்கள். நான் காட்டத் தவறியதை நீங்கள் காட்டினால் எனக்கு மனநிறைவு.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று சார்
பெரிய காஞ்சிபுரம்