வேட்டை உரிமத்திலிருந்து சஃபாரிச் சீட்டு வரை: முதுமலைக் காட்டுப் பயணத்தின் வரலாறு

முதுமலைக்குப் போக நினைப்பவர் ஐந்து காரியங்களை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது: எந்த மாதத்தில் போவது, யாரிடம் அனுமதி பெறுவது, எங்கே தங்குவது, யார் வழிகாட்டுவது, எதில் ஏறிக் காட்டுக்குள் செல்வது. இந்த ஐந்தும் சுற்றுலாவுக்காக உருவானவை அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் வேட்டைப் பயணங்களிலும் வனத்துறையின் மர வணிகத்திலும் பிறந்தவை. துப்பாக்கி போன பிறகும் அந்த ஏற்பாடுகள் காட்டிலேயே தங்கிவிட்டன.

1819-இல் கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு வந்ததைத் தொடர்ந்து, உதகமண்டலம் ஆங்கிலேயரின் கோடை வாசத்தலமாக வளர்ந்தது. ராணுவ அதிகாரிகளும் காப்பித் தோட்டக்காரர்களும் மலை உச்சிப் புல்வெளிகளில் வரையாட்டையும், சரிவுக் காடுகளில் கடமானையும் காட்டெருதையும் சுட்டனர். மலைக்கு வடக்கே, மைசூர் பீடபூமியை நோக்கி இறங்கும் முதுமலை, சீகூர்க் காடுகள் அவர்களுடைய நெடும்பயணங்களுக்கான இடங்கள். அங்கே சாலையும் விடுதியும் கிடையாது. கூடாரம், அரிசி, மருந்து எல்லாவற்றையும் கூலியாட்களும் மாட்டுவண்டிகளும் சுமந்து சென்றனர். மலேரியாக் காய்ச்சலுக்கு அஞ்சிப் பயண மாதங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. விலங்கின் தடம் பார்த்து அழைத்துச் செல்லக் குறும்பரும் இருளரும் தேவைப்பட்டனர். டக்ளஸ் ஹாமில்டன் (1892), எஃப். டபிள்யூ. எஃப். ஃபிளெட்சர் (1911) ஆகியோரின் வேட்டை நூல்கள் இந்தக் காலத்தைப் பதிவு செய்தவை.

கட்டுப்பாடில்லாத வேட்டையாலும் தோட்டங்களுக்காகக் காடு அழிக்கப்பட்டதாலும் விலங்குகள் விரைவில் குறைந்தன. சுட ஒன்றும் மிஞ்சாது என்ற கவலையில் 1877-இல் நீலகிரி வேட்டைச் சங்கம் தொடங்கப்பட்டது. அதன் வற்புறுத்தலால் 1879-இல் சென்னை மாகாண அரசு, நீலகிரியின் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் பாதுகாக்கத் தனிச் சட்டம் இயற்றியது. இன்ன மாதங்களில் வேட்டை கூடாது என்ற தடைக்காலமும், உரிமம் பெற்றே சுட வேண்டும் என்ற விதியும் இந்த ஏற்பாட்டில் நிலைபெற்றன. காட்டுக்குப் போக ஒரு காலமும் ஒரு சீட்டும் உண்டு என்ற வழக்கம் தமிழகத்தில் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இந்தப் பாதுகாப்பு எல்லா விலங்குகளுக்கும் கிட்டவில்லை. புலி, சிறுத்தை, செந்நாய் ஆகியவை வேட்டை விலங்குகளைத் தின்று குறைப்பவை எனக் கருதப்பட்டு, அவற்றைக் கொல்பவர்களுக்கு வெகுமதி தரப்பட்டது. எல்லா மனிதர்களுக்கும் ஒரே நீதியும் இல்லை. உரிமம் வாங்கியவர் சுட்டால் அது பொழுதுபோக்கு. காட்டிலேயே வாழ்ந்தவர் உணவுக்காகப் பிடித்தால் அது குற்றம். யானை மட்டும் முன்பே தனிச் சட்டத்தின் கீழ் வந்திருந்தது. மரம் இழுக்கவும் பொதி சுமக்கவும் யானை வேண்டியிருந்ததால், காட்டு யானைகளைக் கொல்வதை 1873-ஆம் ஆண்டின் சென்னைச் சட்டம் தடுத்தது.

தங்குமிடமும் பாதையும் வேறொரு வழியில் வந்தன. முதுமலைக் காடு நிலம்பூர் கோவிலகத்துத் தலைவரான திருமுல்பாடுக்குச் சொந்தமாக இருந்தது. 1857-இல் ஆங்கில அரசு அதைக் குத்தகைக்கு எடுத்தது, தேக்கு உள்ளிட்ட மரங்களுக்காக. வெட்டிய மரத்தை வெளியே கொண்டுவர வண்டிப் பாதைகள் போடப்பட்டன; ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் தங்கப் பங்களாக்கள் எழுந்தன; மரம் இழுக்கும் யானைகளுக்குத் தெப்பக்காட்டில், மாயாற்றங்கரையில், முகாம் அமைந்தது. அதே கதை ஆனைமலையிலும் நடந்தது. வெட்டிய தேக்கு மரங்களை மலைச் சரிவில் உருட்டிவிட்ட இடமே இன்று டாப்சிலிப் என்று அழைக்கப்படுகிறது. இப்போது சஃபாரி வாகனங்கள் ஓடும் பாதைகளில் பல, மரவண்டிகளுக்காகவும் தீத்தடுப்புக்காகவும் வெட்டப்பட்டவை.

1940-இல் முதுமலையின் சுமார் 60 சதுர கி.மீ. பரப்பு வனவிலங்குச் சரணாலயம் ஆனது. தென்னிந்தியாவின் தொடக்ககாலச் சரணாலயங்களில் இது ஒன்று. எல்லைக்கு அப்பால் மைசூர் அரசர்களின் வேட்டைக் காடாக இருந்த பந்திப்பூரில் 1930-களிலேயே ஒரு சரணாலயம் உருவாகியிருந்தது. முதுமலைச் சரணாலயம் 1956-இல் 295 சதுர கி.மீ. ஆகவும், பின்னர் 321 சதுர கி.மீ. ஆகவும் விரிந்தது. இதே காலத்தில் காட்டின் தொலைவும் குறைந்தது. 1932-இல் பைக்காரா மின் நிலையமும், 1952-இல் மாயாறு மின் நிலையமும் இயங்கத் தொடங்கின. அவற்றின் கட்டுமானம் சிங்காரா, மசினகுடிப் பகுதிகளுக்கு ஆட்களையும் வாகனங்களையும் கொண்டுவந்தது. உதகை–மைசூர்ச் சாலை சரணாலயத்தின் நடுவே செல்வதால், பேருந்தில் போகிறவரும் யானையைப் பார்க்க முடிந்தது.

துப்பாக்கியின் இடத்தைக் கேமரா பிடித்ததும் இந்தக் காலத்தில்தான். வட இந்தியாவில் எஃப். டபிள்யூ. சாம்பியன் 1920-களிலேயே புலிகளைப் படம் பிடித்து நூலாக்கியிருந்தார். தமிழகத்தில் இந்த மரபுக்கு உரியவர் மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான இவர், முதுமலை உள்ளிட்ட காடுகளில் பழக்கப்பட்ட யானையின் முதுகில் அமர்ந்து, காட்டு யானைகளையும் காட்டெருதுகளையும் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். யானைப் பாகனும் பாகனின் உதவியாளரான காவடியும் இல்லாமல் இந்த வேலை நடந்திருக்காது. மரம் இழுத்த யானைகள் பிறகு பயணிகளையும் சுமந்தன. தெப்பக்காட்டு யானைச் சவாரி பல பத்தாண்டுகள் முதுமலையின் அடையாளமாக இருந்தது. பாகன்களில் பெரும்பாலோர் குறும்பர், காட்டுநாயக்கர் முதலிய பழங்குடியினர், ஆனைமலையில் மலசர்.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உரிம வேட்டையின் காலத்தைப் பெருமளவு முடித்து வைத்தது. நீலகிரி வேட்டைச் சங்கம் பெயரை மாற்றிக்கொண்டு பாதுகாப்புச் சங்கமாகத் தொடர்ந்தது. அதன் செயலராக இருந்த ஈ. ஆர். சி. டேவிதார் வரையாடுகளைக் கணக்கெடுத்தவர்களில் முன்னோடி. 1973-இல் தொடங்கிய புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின் முதல் ஒன்பது காப்பகங்களில் பந்திப்பூரும் ஒன்று. 1986-இல் நாட்டின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக நீலகிரி அறிவிக்கப்பட்டது. முதுமலையின் 103 சதுர கி.மீ. பரப்பு 1990-இல் தேசியப் பூங்காவாயிற்று; 2007-இல் முதுமலை புலிகள் காப்பகம் ஆனது. வேட்டைக்குத் தடம் காட்டிய சமூகங்களின் பிள்ளைகள் இப்போது வேட்டைத் தடுப்புக் காவலர்களாக அதே தடங்களில் ரோந்து போகிறார்கள்.

சட்டம் வேட்டையை நிறுத்தினாலும் பயணிகளின் பெருக்கம் புதிய சிக்கலைக் கொண்டுவந்தது. மசினகுடி, பொக்காபுரம், வாழைத்தோட்டம் பகுதிகளில் தனியார் விடுதிகள் பெருகின. கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைகள் வந்துபோகும் சீகூர்ப் பீடபூமியில் வேலிகளும் கட்டடங்களும் குறுக்கே நின்றன. தமிழக அரசு 2010-இல் இதை யானை வழித்தடமாக அறிவித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2011-இல் இதை ஏற்றது. உச்ச நீதிமன்றம் 2018-இல் விடுதிகளை மூடி முத்திரையிட உத்தரவிட்டு, 2020 அக்டோபரில் வழித்தட அறிவிப்பை உறுதி செய்தது. உதகை–மைசூர்ச் சாலையின் பந்திப்பூர்ப் பகுதியில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை வாகனப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது.

இன்றைய சஃபாரியின் விதிகளை வகுத்தது 2012-ஆம் ஆண்டு. அந்த ஜூலையில் புலிகள் காப்பகங்களின் உள்மண்டலத்தில் சுற்றுலாவுக்கு உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அக்டோபரில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டதும் தடை நீங்கியது. உள்மண்டலத்தில் 20 விழுக்காட்டுக்கு மேல் சுற்றுலாவுக்குத் திறக்கக் கூடாது. அங்கே புதிய கட்டடங்கள் கூடாது. ஒவ்வொரு காடும் தாங்கும் அளவைக் கணக்கிட்டே வாகனங்களை விட வேண்டும். விலங்கிலிருந்து 20 மீட்டரும், வாகனங்களுக்கிடையே 50 மீட்டரும் இடைவெளி வேண்டும் என்பன அந்த நெறிகளில் சில.

தமிழகத்தில் எல்லாக் காப்பிடங்களும் வேட்டைக்காரர்கள் வழியாக வந்தவை அல்ல. வேடந்தாங்கலில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே, பறவைகளைச் சுடுவதைத் தடுக்குமாறு ஊரார் ஆட்சியரிடம் முறையிட்டு உறுதி பெற்றனர். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். திருவள்ளூர் மாவட்டத்தின் பழவேற்காடு ஏரியின் தமிழகப் பகுதி 1980-இல் பறவைகள் சரணாலயமானது.  பறவை ஏரிகளுக்குரிய காலம் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வருவதால், நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே போகலாம்.

முதுமலையின் காலக் கணக்கு வேறு. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இலையுதிர் காடு காய்ந்து தீப்பிடிக்கும் அபாயம் உள்ளதால், அம்மாதங்களில் காப்பகம் மூடப்படுவதுண்டு. புலிக் கணக்கெடுப்பு நாள்களிலும் அப்படியே. மழைக்குப் பின் காடு பசுமையாக இருந்தாலும், பரவிக் கிடக்கும் உண்ணிச்செடிப் புதர்கள் பார்வையை மறைக்கும். உதகையிலிருந்து தெப்பக்காட்டுக்குக் கல்லட்டி, மசினகுடி வழியாக 36 கி.மீ.; கூடலூர் வழியாக 67 கி.மீ. கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதால், வெளியூர் வாகனங்களுக்கு அங்கே கட்டுப்பாடு உண்டு. நீலகிரிக்குள் நுழைய 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் நாளொன்றுக்கு வார நாள்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 என்று சென்னை உயர் நீதிமன்றம் வரம்பு விதித்தது.

காட்டுக்குள் சொந்த வாகனத்தில் சுற்ற முடியாது. தெப்பக்காட்டிலிருந்து புறப்படும் வனத்துறை வாகனத்தில், வனத்துறை வகுத்த பாதையில் மட்டுமே பயணம். வனத்துறை விடுதிகளில் அறைகள் குறைவு என்பதால் முன்பதிவு செய்துகொண்டே போக வேண்டும். வேட்டைக் காலத்துப் பயணி காலத்தையும் சீட்டையும் மட்டுமே சட்டத்திடமிருந்து பெற்றார். தங்குமிடம், வழிகாட்டி, ஊர்தி ஆகியவை அவர் விருப்பம். இன்று ஐந்துக்கும் விதி இருக்கிறது.