கருப்பை நீக்க முன்னேற்பாடு (கருப்பை அகப்படலப் புற்றுநோய்)

கருப்பை நீக்க முன்னேற்பாடு என்பது, தொடக்க நிலையிலுள்ள கருப்பை அகப்படலப் புற்றுநோய் உறுதிசெய்யப்பட்ட பெண், கருப்பை நீக்க அறுவைக்கு உட்படுவதற்கு முன் மேற்கொள்ளப்படும் பரிசோதனைகளையும் மருத்துவ முடிவுகளையும் உடல் ஆயத்தங்களையும் குறிக்கும். கருப்பையின் உட்புறத்தைப் போர்த்தியிருந்து, மாதவிடாயின்போது உரிந்து வெளியேறும் படலமே அகப்படலம் ஆகும்.

பேச்சுவழக்கில் "கர்ப்பப்பைப் புற்றுநோய்" என்னும் ஒரே சொல், கருப்பை வாய்ப் புற்றுநோயையும் அகப்படலப் புற்றுநோயையும் சேர்த்தே குறிக்கின்றது. எனினும் இவை வெவ்வேறு நோய்கள். முன்னதற்குப் பெரும்பாலும் மனிதச் சடைப்புத்தீநுண்மி காரணமாகின்றது. பின்னதற்கு உடற்பருமன், நீரிழிவு, புரோசெசுத்திரோன் துணையின்றி நீடிக்கும் ஈசுத்திரோசன் தூண்டல் ஆகியன காரணங்களாகச் சுட்டப்படுகின்றன. கருப்பை வாய்க்கெனச் செய்யப்படும் பாப் சோதனை இயல்பாக இருந்தது என்பதால் அகப்படலப் புற்றுநோய் இல்லை என்று கொள்ள இயலாது. சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் கருப்பை வாய்ப் புற்றுநோய் குறைந்து வர, கருப்பை உடற்பகுதிப் புற்றுநோய் கூடி வந்துள்ளது.

கத்திக்கு முன் திசு அறிக்கை

முன்னேற்பாட்டின் முதற்படி வயிற்றைப் பட்டினி போடுவது அன்று. திசு அறிக்கையைக் கையில் பெறுவதே ஆகும். மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் தோன்றும் உதிரப்போக்கு, ஒரு துளிக் கறையாக இருந்தாலும், ஆராயப்பட வேண்டியதாகும். இவ்வாறு உதிரப்போக்கு காணும் பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கே இப்புற்றுநோய் இருக்கின்றது. மறுபுறம், இந்நோய் கண்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு உதிரப்போக்கே முதல் அறிகுறி. யோனிவழி ஸ்கேனில் அகப்படலத்தின் தடிப்பு 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால், மெல்லிய குழாய் மூலமாகவோ கருப்பை உள்நோக்கி மூலமாகவோ திசு எடுத்துப் பரிசோதிக்கப்படுகின்றது. இதுவே பயாப்சி என அழைக்கப்படுகின்றது. தடிப்பு அதனினும் குறைவாக இருந்தும் உதிரப்போக்கு மீண்டும் மீண்டும் வருமாயின் அப்போதும் திசு எடுக்கப்படும்.

இந்தியாவில் இப்படிநிலை தாண்டப்படுவது புதிதன்று. "இரத்தப்போக்கு இருக்கிறது, எடுத்துவிடலாம்" என்று பரிசோதனையின்றிக் கருப்பை நீக்கப்பட்டு, பின்னர் நோயியல் அறிக்கையில் புற்றுநோய் தெரியவருமானால், நிணநீர்க்கணுக்களை ஆராயாமலும் சூலகங்களைப் பற்றி முடிவெடுக்காமலும் முதல் அறுவை முடிந்திருக்கும். சிலருக்கு இரண்டாம் அறுவை தேவைப்படும். கருப்பையை உடலுக்குள்ளேயே துண்டுகளாக்கி எடுத்திருந்தால் புற்றணுக்கள் வயிற்றறையில் பரவும் வாய்ப்பும் உண்டு. 2015-16 ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 3.2 விழுக்காட்டினர் கருப்பை நீக்கப்பட்டவர்கள். ஆந்திரப் பிரதேசத்தில் இது 8.9 விழுக்காடாக இருந்தது. தேவையற்ற கருப்பை நீக்கங்கள் குறித்த வழக்கில், நடுவண் அரசின் வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் மூன்று மாதங்களுக்குள் ஏற்க வேண்டும் என 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் பணித்தது. இச்செய்திகளைக் கேட்டு அஞ்சி, உறுதிசெய்யப்பட்ட புற்றுநோய்க்குக்கூட அறுவையைத் தள்ளிப்போடுவது மறுபுறத் தவறு ஆகும்.

நோயின் நிலை

புற்று கருப்பையின் உடற்பகுதிக்குள் அடங்கியிருப்பதே முதல் நிலை. 2009 ஆம் ஆண்டுப் பன்னாட்டு வகைப்பாட்டில், கருப்பைத் தசையின் பாதி ஆழத்தைத் தொடாதது 1அ எனவும், பாதியையோ அதற்கு மேலோ ஊடுருவியது 1ஆ எனவும் பிரிக்கப்பட்டன. 2023 ஆம் ஆண்டுத் திருத்தம் அணுக்களின் வகையையும் மூலக்கூற்றுப் பண்புகளையும் சேர்த்துக்கொண்டது. எம்.ஆர்.ஐ. படம் ஊடுருவலின் ஆழத்தை மதிப்பிடவே உதவும். நிலை உறுதியாவது அறுவைக்குப் பின் கிடைக்கும் நோயியல் அறிக்கையால்தான். ஆகவே "முதல் நிலைதான்" என்று முன்கூட்டிச் சொல்லப்படுவது ஒரு மதிப்பீடே.

உறுதிசெய்தலுக்கும் அறுவைக்கும் இடையே சில வாரங்கள் கழிவது இயல்பு. குருதிச்சோகையையும் சர்க்கரையையும் சீராக்க அக்காலம் பயன்படுகின்றது. அது பல மாதங்களாக நீள்வதுதான் தீங்கானது.

எவை நீக்கப்படும்

வழமையான அறுவையில் கருப்பை, கருப்பை வாய், இரு கருக்குழாய்கள், இரு சூலகங்கள் ஆகியன நீக்கப்படுகின்றன. நிணநீர்க்கணுக்கள் அனைத்தையும் அகற்றுவதற்குப் பதிலாக, பச்சைச் சாயம் செலுத்தி முதலில் சாயமேறும் காவல் கணுக்களை மட்டும் எடுத்து ஆராயும் முறை பரவலாகி வருகின்றது. இச்சாயத்தில் அயோடின் கலந்திருப்பதால், அயோடின் ஒவ்வாமை உள்ளவர் அதை முன்பே தெரிவிக்க வேண்டும்.

மாதவிடாய் நிற்காத வயதினருக்குச் சூலகங்களை நீக்குவது மறுநாளே மாதவிடாய் நிறுத்தத்தைக் கொண்டுவரும். உடற்சூடு, உறக்கமின்மை, எலும்பு அடர்த்திக் குறைவு ஆகியன பின்தொடரலாம். தீவிரம் குறைந்த 1அ நிலையில், பரம்பரைப் புற்றுநோய் அறிகுறி இல்லாத இளம் பெண்களுக்குச் சூலகங்களை விட்டுவைப்பது குறித்துப் பேச இடமுண்டு. தசைக்குள் ஊடுருவாத, தீவிரம் குறைந்த புற்றுள்ளவர் குழந்தைப்பேறு விரும்பினால் இயக்குநீர் மருத்துவம் மூலம் அறுவையையே சிறிது காலம் ஒத்திவைக்கும் வழியும் உள்ளது. தாய், உடன்பிறந்தோருக்குப் பெருங்குடல் அல்லது கருப்பைப் புற்றுநோய் இருந்திருந்தால் லிஞ்சு நோய்த்தொகுதிக்கான சோதனை தேவைப்படும். இக்கேள்விகள் அனைத்தும் அறுவைக்கு முன்னரே கேட்கப்பட வேண்டியவை.

நுண்துளை அறுவையா, வயிற்றைத் திறக்கும் அறுவையா என்பதும் முன்னரே பேசப்படும். ஆத்திரேலியா, நியூசிலாந்து, ஆங்காங் ஆகிய இடங்களில் நடந்து 2017 இல் வெளியான ஆய்வில், முதல் நிலை அகப்படலப் புற்றுநோய்க்கு இரு முறைகளும் நாலரை ஆண்டு முடிவில் ஒத்த பயனைத் தந்தன. கருப்பை வாய்ப் புற்றுநோயிலோ நுண்துளை முறை பின்தங்கியது என 2018 இல் வேறோர் ஆய்வு காட்டியது. ஒன்றின் முடிவை மற்றொன்றுக்குப் பொருத்தி அஞ்சுவதற்கு மேற்சொன்ன பெயர்க் குழப்பமே காரணம்.

ஒப்புதல்

ஒப்புதல் படிவத்தில் நீக்கப்படும் உறுப்புகள் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்க வேண்டும். வயது வந்த, தெளிந்த மனநிலையிலுள்ள பெண்ணின் கையொப்பமே சட்டப்படி செல்லுபடியாகும். கணவர் அல்லது மகனின் கையொப்பம் அதற்கு ஈடாகாது. நோயறியும் உள்நோக்கலுக்கு மட்டும் ஒப்புதல் தந்த ஒரு பெண் மயக்கத்தில் இருந்தபோது, தாயின் ஒப்புதலை மட்டும் பெற்று அவரது கருப்பையும் சூலகங்களும் நீக்கப்பட்ட வழக்கில், அது முறையான ஒப்புதல் ஆகாது என 2008 சனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நோயின் பெயரை நோயாளரிடம் மறைத்து, வீட்டு ஆண்களிடம் மட்டும் சொல்லும் வழக்கம் இன்னும் மறையாத நிலையில், இத்தீர்ப்பு நினைவில் வைக்கத்தக்கது.

உடல் ஆயத்தம்

உதிரப்போக்கினால் குருதிச்சோகை ஏற்பட்டிருக்கலாம். இரும்புச்சத்து மாத்திரை பலன் தரப் பல வாரங்கள் ஆகும் என்பதால், நாள் குறைவாக இருப்பின் நரம்புவழி இரும்பு மருந்தோ குருதியேற்றமோ அளிக்கப்படும். ஈ.சி.ஜி., மார்பு ஊடுகதிர்ப்படம், சிறுநீரகச் சோதனை, தேவைப்படின் இதய எக்கோ ஆகியவற்றைக் கண்டபின் மயக்க மருத்துவர் தகுதி அளிப்பார்.

உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்து உட்பட, சொல்லிவிட வேண்டும். குருதி உறைவைத் தடுக்கும் மாத்திரைகளைத் தாமாக நிறுத்துவதும் தாமாகத் தொடர்வதும் தவறு. டாபாகிளிப்ளோசின், எம்பாகிளிப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகள் வழக்கமாக 3 நாட்களுக்கு முன்பே நிறுத்தப்படுகின்றன. 2021 இல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டு வாசலில் மாத்திரை பெறுவோர் பலருக்கு அதன் பெயர் தெரிவதில்லை. மாத்திரை அட்டையையே எடுத்துச் செல்வது எளிது. புகையிலையும் வெற்றிலையுடன் மெல்லும் புகையிலையும் நிறுத்தப்பட வேண்டும். நோய் நீங்க நேர்ந்துகொண்டு விரதம் இருப்பது அறுவைக்கு முந்தைய வாரங்களில் உடலைத் தளர்த்தும். முடி காணிக்கையால் தீங்கில்லை.

திட உணவு 6 மணி நேரத்துக்கு முன்பும், தெளிந்த நீர்மம் 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தப்படுகின்றது. மோர், நீராகாரம், பால் கலந்த காப்பி ஆகியன தெளிந்த நீர்மங்கள் அல்ல. அன்று காலை வாயில் இடப்படும் கோயில் பிரசாதமும் உணவே. அறுவையில் மின்கருவி பயன்படுவதால் தாலி, மெட்டி உட்பட எல்லா உலோக அணிகளும் கழற்றப்படும். தாலிக்குப் பதில் மஞ்சள் கயிறு மட்டும் அணிவது வழக்கில் உள்ளது. பல்லாண்டு கழற்றாத மெட்டியை முதல் நாளே எண்ணெயிட்டுக் கழற்றிவிடலாம். அடிவயிற்று முடியை வீட்டில் சவரம் செய்தால் சிறு வெட்டுகள் வழியே கிருமி தொற்றும். தேவைப்பட்டால் மருத்துவமனையிலேயே கத்தரிக்கப்படும்.

மதுரைப் பகுதியில்

மதுரைக்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அழகர்கோவில் போன்ற ஊர்களைச் சேர்ந்தோர், மதுரை மருத்துவக் கல்லூரியுடன் இணைந்த அரசு இராசாசி மருத்துவமனையை நாடலாம். அழகர்கோவில் சாலை தல்லாகுளம் வழியாக அம்மருத்துவமனை அமைந்துள்ள கோரிப்பாளையத்தை அடைகின்றது. கள்ளழகர் மதுரைக்கு எழுந்தருளும் சித்திரைத் திருவிழா நாட்களில் இச்சாலையில் போக்குவரத்து மாற்றிவிடப்படுவதால், அக்காலத்தில் அறுவை நாள் குறிக்கப்பட்டோர் முன்கூட்டியே சென்று சேர வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குட்பட்ட குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு அளிக்கின்றது. அட்டை இல்லாதோர் வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் கொண்டு, திசு அறிக்கை வந்தவுடனேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

அறுவைக்குப் பின்

வீடு திரும்பியபின் ஏறத்தாழ 6 வாரங்களுக்குத் தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை, குழந்தை ஆகியவற்றைத் தூக்கலாகாது. தெருக்குழாயில் நீர் பிடிக்கும் வீடுகளில் இவ்வேலையை யார் செய்வார் என்பதும் முன்னேற்பாட்டில் அடங்கும். படுத்தே கிடப்பதால் கால் நரம்பில் குருதி உறையலாம். ஆகவே மறுநாளே நடக்க வைக்கப்படுவர். காய்ச்சல், மிகுந்த உதிரப்போக்கு, ஒரு கால் மட்டும் வீங்குதல், மூச்சுத்திணறல் ஆகியன உடனே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டிய அறிகுறிகள்.

நோயியல் அறிக்கை வந்தபின், ஊடுருவலின் ஆழம், அணுக்களின் தீவிரம், நிணநீர்க்கணு முடிவு ஆகியவற்றைக் கொண்டு கதிர்மருத்துவம் தேவையா என்பது முடிவாகும். தொடக்க நிலையில் பலருக்கு அறுவை மட்டுமே போதுமானதாக அமைகின்றது.