மேல் தாடையில் எலும்பு பத்தாதா? வெளியிலிருந்து வைத்த எலும்பில் இம்ப்ளான்ட் பிடிப்பது எப்படி? முழு விளக்கம்

"இம்ப்ளான்ட் வைக்கலாம், ஆனா எலும்பு பத்தாது. முதல்ல போன் கிராஃப்ட் பண்ணணும், ஆறு மாசம் ஆகும்." மேல் கடைவாய்ப் பல்லை இழந்த பலரும் பல் மருத்துவரிடம் கேட்கும் பதில் இது. செலவு கூடுகிறது, நாளும் நீள்கிறது. அதோடு ஒரு சந்தேகமும் வருகிறது: வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்த எலும்பில் ஸ்க்ரூ நிற்குமா? அந்த ஆறு மாதத்தில் தாடைக்குள் என்னதான் நடக்கிறது?

மேல் தாடையில் மட்டும் ஏன் இந்தப் பிரச்சினை?

தாடை எலும்பு, பல் இருக்கும் வரைதான் தன் அளவில் இருக்கும். மெல்லும்போது பல் வேர் வழியாக எலும்புக்கு அழுத்தம் போகும். பல் போனதும் அந்த வேலை நின்றுவிடும். எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையத் தொடங்கும்.

மேல் தாடையின் பின்பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடைவாய்ப் பற்களுக்கு நேர் மேலே, கன்னத்தின் உள்ளே, சைனஸ் எனப்படும் காற்று அறை இருக்கிறது. பல் போன பிறகு இந்த அறையும் கீழ்நோக்கி விரியும். ஆக, எலும்பு கீழிருந்தும் தேய்கிறது, மேலிருந்தும் குறைகிறது. சிலருக்கு கடைசியில் 3, 4 மி.மீ. எலும்புதான் மிஞ்சும். வழக்கமான இம்ப்ளான்டோ 8 முதல் 12 மி.மீ. நீளம் இருக்கும்.

போதாக்குறைக்கு, இந்தப் பகுதியின் எலும்பு இயல்பிலேயே மென்மையானது. கீழ்த் தாடையின் முன்பக்க எலும்பு கட்டை மாதிரி என்றால், இது ஸ்பாஞ்ச் மாதிரி.

சைனஸ் லிஃப்ட் என்றால் என்ன?

சைனஸ் அறையின் உட்புறம் மெல்லிய ஒரு சவ்வு ஒட்டியிருக்கும். அதைக் கிழிக்காமல் மேலே தூக்கி, கீழே கிடைக்கும் இடத்தில் எலும்புத் துகளை நிரப்புவதுதான் சைனஸ் லிஃப்ட். 1970-களில் அமெரிக்காவில் உருவான முறை இது. 1980-ல் பாய்ன், ஜேம்ஸ் என்ற இரு மருத்துவர்கள் இதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள்.

எலும்பு ரொம்பக் குறைவாக இருந்தால், பக்கவாட்டு எலும்பில் சின்ன ஜன்னல் போலத் திறந்து செய்வார்கள். ஓரளவு எலும்பு இருந்தால், இம்ப்ளான்ட் வைக்கும் துளை வழியாகவே சவ்வைத் தூக்கிவிடலாம். 1994-ல் சம்மர்ஸ் என்பவர் விவரித்த முறை இது.

என்ன எலும்பு வைக்கிறார்கள்?

* நோயாளியின் சொந்த எலும்பு: கீழ்த் தாடையிலோ இடுப்பிலோ எடுப்பது. இதில் மட்டும்தான் உயிருள்ள செல்கள் இருக்கும்.
* தானமாகக் கிடைத்த மனித எலும்பு: பதப்படுத்தி, கிருமி நீக்கி வரும்.
* விலங்கு எலும்பு: பெரும்பாலும் மாட்டு எலும்பு. புரதம் உள்ளிட்ட கரிமப் பொருட்களை நீக்கிய தாதுத் துகள்.
* செயற்கைப் பொருள்: கால்சியம் பாஸ்பேட் வகைகள்.

மத நம்பிக்கை அல்லது உணவுப் பழக்கம் காரணமாக விலங்குப் பொருள் வேண்டாம் என்பவர்கள் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. மாற்று இருக்கிறது. எந்த வகை என்று தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை.

வைத்த எலும்பு 'ஒட்டிக்கொள்கிறதா'?

பலரும் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். சொந்த எலும்பைத் தவிர மற்ற துகள்களுக்கு உயிர் கிடையாது. அவை கட்டடத்துக்குப் போடும் சாரம் மாதிரி. கட்டடத்தைக் கட்டப்போவது உங்கள் உடம்புதான்.

முதலில் துகள்களுக்கு இடையே ரத்தம் உறையும். அடுத்த வாரங்களில் சைனஸின் அடித்தளத்திலிருந்தும் சுவர்களிலிருந்தும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் உள்ளே வளரும். அவற்றோடு எலும்பு கட்டும் செல்களும் வந்து, துகள்களின் மேல் புது எலும்பைப் படிய வைக்கும். முதலில் அவசரமாக உருவாகும் எலும்பு பலவீனமானது. மாதங்கள் போகப் போக அடுக்கடுக்கான உறுதியான எலும்பாக மாறும். ஓரங்களில் முதலில் எலும்பு வரும், நடுப்பகுதி கடைசியாகத்தான் நிரம்பும். காத்திருப்பதற்கு முக்கியக் காரணமே இதுதான்.

துகள் எல்லாம் கரைந்துவிடுமா? வகையைப் பொறுத்தது. சில செயற்கைத் துகள்கள் கரைந்து எலும்புக்கு இடம் விடும். மாட்டு எலும்புத் துகள் பல வருடங்கள் அப்படியே இருக்கும், சுற்றிலும் புது எலும்பு சூழ்ந்திருக்கும். இது கோளாறு இல்லை. உயரம் குறையாமல் தாங்குவதற்கு அது உதவுகிறது.

டைட்டானியம் எப்படி எலும்போடு சேர்கிறது?

1950-களில் ஸ்வீடன் ஆய்வாளர் பெர்-இங்வார் பிரோனமார்க், முயலின் எலும்புக்குள் டைட்டானியக் கருவியை வைத்து ரத்த ஓட்டத்தை ஆராய்ந்தார். ஆய்வு முடிந்து எடுக்கப் பார்த்தால் கருவி வரவில்லை. எலும்பு அதோடு இணைந்துவிட்டிருந்தது. இதற்கு அவர் வைத்த பெயர் 'ஆசியோஇன்டகிரேஷன்'. 1965-ல் முதல் முறையாக மனிதருக்கு இந்த இம்ப்ளான்டை வைத்தார்.

டைட்டானியத்தின் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் தானாக உருவாகும். உடம்பு அதை எதிரியாகப் பார்க்காது. அதனால் நடுவில் சதை வளராமல், எலும்பே நேரடியாக உலோகத்தின் மேல் வளரும். கிராஃப்ட் செய்த இடத்திலும் இதே கதைதான். இம்ப்ளான்டைப் பிடிப்பது பெரும்பாலும் அந்தத் துகள்கள் அல்ல, அவற்றுக்கு இடையே வளர்ந்த உங்கள் சொந்தப் புது எலும்பு.

எப்போது வைப்பார்கள்?

மிச்சமிருக்கும் எலும்பு 4, 5 மி.மீ. இருந்து, இம்ப்ளான்ட் ஆடாமல் நின்றால், கிராஃப்டும் இம்ப்ளான்டும் ஒரே நாளில் செய்யலாம். அதைவிடக் குறைவு என்றால், கிராஃப்ட் வைத்து சுமார் 6 முதல் 9 மாதம் கழித்து இம்ப்ளான்ட். அதன்பிறகும் பல் மாட்ட சில மாதங்கள் ஆகும்.

"ஸ்க்ரூ டைட்டா இருக்கே, ஏன் காத்திருக்கணும்?" என்று தோன்றலாம். முதல் நாள் இருப்பது வெறும் ஸ்க்ரூ பிடிமானம். பிறகு பழைய எலும்பு கொஞ்சம் கரைந்து, புது எலும்பு வரும். இந்த இடைவெளியில், அதாவது முதல் சில வாரங்களில், பிடிமானம் முன்பைவிடக் குறையும். அப்போது இம்ப்ளான்ட் சுமார் 0.15 மி.மீ.-க்கு மேல் அசைந்தால், எலும்புக்குப் பதில் நார்த்திசு வளர்ந்துவிடும். அப்படி ஆனால் அந்த இம்ப்ளான்டை எடுக்க வேண்டியதுதான். 'ஒரே நாளில் பல்' என்ற விளம்பரம் எல்லோருக்கும் பொருந்தாததற்குக் காரணம் இதுதான்.

எதெல்லாம் கெடுக்கும்?

* புகை பிடித்தல்: ரத்த ஓட்டத்தைக் குறைக்கும்.
* கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை.
* எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ தரப்படும் சில மருந்துகள். தாடையில் கதிர்வீச்சு சிகிச்சை. இவற்றை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.
* சைனஸ் தொற்று: முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

அறுவை சிகிச்சையில் அதிகம் நேரும் சிக்கல் சவ்வு கிழிவது. சின்னக் கிழிசலை அங்கேயே மூடிவிடலாம். பெரிதாக இருந்தால் அன்று நிறுத்திவிட்டு, ஆறிய பிறகு மறுபடி செய்வார்கள்.

முடிந்த பிறகு...

சில வாரங்களுக்கு மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்தபடி தும்ம வேண்டும். ஸ்ட்ரா வேண்டாம். விமானப் பயணம் இருந்தால் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். லேசான வீக்கமும் மூக்கில் கொஞ்சம் ரத்தக் கசிவும் வரலாம். காய்ச்சல், சீழ், துகள் மூக்கு வழியாக வருவது, வீக்கம் கூடிக்கொண்டே போவது என்றால் உடனே போக வேண்டும்.

சம்மதிப்பதற்கு முன் கேட்க வேண்டியவை

1. சிபிசிடி ஸ்கேனில் எனக்கு எத்தனை மி.மீ. எலும்பு இருக்கிறது?
2. என்ன வகை கிராஃப்ட்?
3. குட்டை இம்ப்ளான்ட், பிரிட்ஜ் என்று கிராஃப்ட் இல்லாத வழி எனக்கு உண்டா?
4. மொத்தம் எத்தனை மாதம், எவ்வளவு செலவு? பிடிக்காமல் போனால் என்ன செய்வீர்கள்?

எலும்போடு சேர்ந்த பிறகும் இம்ப்ளான்டைச் சுற்றி ஈறு அழற்சி வந்தால் எலும்பு மறுபடி கரையும். தினசரி சுத்தமும், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பரிசோதனையும் இருந்தால்தான், மாதக்கணக்கில் காத்திருந்து வளர்த்த எலும்பு நிலைக்கும்.