இன்னொரு ஏழாம் இடம்

ஓட்டப் பந்தயம் என்று பேச்செடுத்தால் நம் வயதுக்காரர்களுக்கு மில்கா சிங், பி.டி.உஷா என்ற இரண்டு பெயர்கள் உடனே வந்துவிடும். ஸ்ரீராம் சிங் என்ற பெயர் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்ஸில் நம் ஹாக்கி அணி ஏழாம் இடத்துக்குப் போனது. 1928 முதல் பதக்கம் இல்லாமல் திரும்பாத அணி அல்லவா! எங்கள் அலுவலகத்தில் பல நாட்கள் அதே புலம்பல்தான். அந்தச் சத்தத்தில் இன்னொரு ஏழாம் இடம் யார் காதிலும் விழவில்லை.

ஸ்ரீராம் சிங் ராஜஸ்தான்காரர், ராஜபுதனா ரைஃபிள்ஸ் படைவீரர். 5,000 மீட்டர் ஓடிக்கொண்டிருந்தவரை 800 மீட்டருக்கு மாற்றியவர் பயிற்சியாளர் இலியாஸ் பாபர். 800 மீட்டர் பொல்லாத ஓட்டம். ஆரம்பத்திலேயே வேகத்தைச் செலவழித்தால் கடைசி நூறு மீட்டரில் கால் கல்லாகிவிடும். சேமித்து வைத்தால் மற்றவர்கள் போய்விடுவார்கள். 1974 டெஹ்ரான் ஆசிய விளையாட்டில் அதில் தங்கம் வாங்கிவிட்டுத்தான் மாண்ட்ரியல் போனார்.

ஜூலை 25, இறுதிப் போட்டி. முதல் சுற்று முடிந்து மணி அடித்தபோது எல்லோருக்கும் முன்னால் ஓடியவர் ஸ்ரீராம். 400 மீட்டரை 51 விநாடிக்குள் கடந்திருந்தார். இரண்டாவது சுற்றில் க்யூபாவின் ஹுவான்டொரேனா அவரை முந்தி, 1 நிமிடம் 43.50 விநாடியில் உலக சாதனையோடு தங்கம் வென்றார். முதல் சுற்றை அவ்வளவு வேகமாக இழுத்துச் சென்றவர் நம்மவர்! ஸ்ரீராம் 1 நிமிடம் 45.77 விநாடியில் ஏழாவதாக வந்தார். நான்கு வருடம் கழித்து மாஸ்கோவில் இதே ஓட்டத்தில் தங்கம் வென்ற இங்கிலாந்தின் ஸ்டீவ் ஓவெட் அன்று ஐந்தாவது.

1978 பாங்காக்கிலும் ஸ்ரீராமுக்குத் தங்கம். 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் நம் தமிழ்நாட்டுக்காரர் சார்லஸ் பொரோமியோ அதே தங்கத்தை வென்றார். அவரையும் மறந்துவிட்டோம்.

மில்காவின் 400 மீட்டர் தேசிய சாதனை 38 வருடம் நின்றது. அதைப் பற்றிப் பேசாதவர் இல்லை. ஸ்ரீராமின் மாண்ட்ரியல் நேரம் 42 வருடம் நின்றது. 2018-இல் குவாஹாட்டியில் கேரளத்து ஜின்சன் ஜான்சன் அதை முறியடித்தபோது வித்தியாசம் வெறும் 0.12 விநாடி.

பதக்கப் பட்டியலில் ஏழாம் இடத்துக்கு வரி கிடையாது. பேரப்பிள்ளைகளுக்கு மில்காவின் கதை சொல்லும்போது, அடுத்ததாக இந்தக் கதையையும் சொல்லுங்கள்.