குறுங்காணொளியும் அதை ஒதுக்கும் வழிகளும்

குறுங்காணொளிக்குத் தடை போடும் முயற்சி தமிழ்நாட்டில் நீதிமன்றம் வரை சென்றது. குறுங்காணொளிச் செயலியான டிக்டாக்கின் பதிவிறக்கத்தைத் தடுக்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரல் 3 அன்று இடைக்கால உத்தரவிட்டது; ஏப்ரல் 24 அன்று நிபந்தனையுடன் அதை நீக்கியது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடை செய்தது.

அந்த வெற்றிடத்தில் 2020 செப்டம்பரில் யூடியூப் ‘ஷார்ட்ஸ்’ முதலில் இந்தியாவில் சோதனையாக வெளிவந்தது. அப்போது ஒரு காணொளியின் நீளம் 15 நொடி வரை. 2024 அக்டோபர் 15 முதல் 3 நிமிடம்.

நெடிய காணொளி தேடுவோரின் முகப்பிலும் ஷார்ட்ஸ் வரிசை வந்து நின்றதால், அதை மறைக்கும் வழிகள் தேவைப்பட்டன. காணொளியின் அருகிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு ‘ஆர்வமில்லை’ எனக் குறிப்பது எளிய வழி. 2023 ஆகஸ்ட் முதல், பார்த்தவற்றின் பதிவை நிறுத்தி, பழையதையும் அழித்தவர்களுக்கு முகப்பில் பரிந்துரைகள் வருவதில்லை. கணினி உலாவியில் நீட்சிகள் அவ்வரிசையையே மறைத்துவிடும். 2025 அக்டோபரில் ஷார்ட்ஸ் பார்க்கும் நேரத்துக்குத் தினசரி வரம்பு வைக்கும் வசதியும் அறிவிக்கப்பட்டது. நீதிமன்றமும் அரசும் எடுத்த முடிவு இன்று பயனர் கைக்கு வந்திருக்கிறது.