கீழவாசல் பீரங்கியும் வண்டிப் பட்டை கட்டிய கொல்லரும்

தஞ்சாவூர்க்காரர்களுக்குப் பீரங்கி மேடு தெரியாமல் இருக்காது. கீழவாசலில், பழைய கோட்டையின் கிழக்கு வாயில் இருந்த பக்கம், மேடான ஓர் இடத்தில் கிடக்கிறது ராஜகோபால பீரங்கி. நீளம் ஏறத்தாழ 25 அடி. எடை சுமார் 22 டன். ரகுநாத நாயக்கர் (1600-1634) காலத்தில் செய்யப்பட்டது என்பது பொதுவான கருத்து. பெரிய கோயிலையும் அரண்மனையையும் சரசுவதி மகாலையும் பார்க்க வருகிறவர்களில் நூற்றில் ஒருவர்கூட இந்தப் பக்கம் வருவதில்லை. உள்ளூர்க்காரர்களான நாமும் "பெரிய பீரங்கி" என்று சொல்லிவிட்டுக் கடந்து போய்விடுகிறோம்.

அதன் அளவைப் பற்றிப் பேச நான் இதை எழுதவில்லை. அதைச் செய்தவர் எதை வைத்துச் செய்தார், ஏன் அப்படிச் செய்தார் என்பதைத்தான் சொல்ல நினைக்கிறேன். ஏனென்றால் "இதெல்லாம் நம் ஆட்கள் செய்ததில்லை, தரங்கம்பாடிக்கு வந்த டேனிஷ்காரர்கள் சொல்லிக்கொடுத்துச் செய்தது" என்று ஒரு பேச்சு ஊரில் உண்டு. படித்தவர்களே சொல்கிறார்கள். அது சரியா என்று பார்க்க ஓலைச்சுவடியைத் தேடிப் போக வேண்டியதில்லை. பீரங்கியையே சற்றுக் கவனித்துப் பார்த்தால் போதும்.

முதலில் ஒரு கேள்வி. வெண்கலம் வார்ப்பதில் உலகமே வியந்த ஊர் நம்முடையது. சோழர் காலத்து நடராசரை வார்த்த மண் இது. சுவாமிமலையில் இன்றும் வார்க்கிறார்கள். அப்படிப்பட்ட நாட்டில் பீரங்கியை ஏன் வெண்கலத்தில் வார்க்கவில்லை? பிஜப்பூரில் இருக்கும் மாலிக்-இ-மைதான் வெண்கலப் பீரங்கிதான். 1549-இல் அகமதுநகரில் ரூமி என்ற துருக்கி உஸ்தாத் வார்த்தது. எடை 55 டன் என்பார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் கூடாது?

பொருளைப் பார்த்தால் விடை கிடைக்கும். வெண்கலத்துக்குச் செம்பு வேண்டும், வெள்ளீயம் வேண்டும். காவிரிப் படுகையில் இரண்டும் கிடையாது. தமிழ்நாட்டில் வேறெங்கும் பெரிதாகக் கிடையாது. பெரும்பகுதி கடல் கடந்து வரவேண்டியவை. சாமி சிலைக்கு வாங்கலாம். இந்தப் பீரங்கியை அதே அளவில் வெண்கலத்தில் வார்ப்பதென்றால் 25 டன் வேண்டும். அரசனுக்கே கை கடிக்கும் செலவு அது.

இரும்பும் படுகையில் கிடையாதுதான். நம் மண்ணில் வண்டலைத் தவிர என்ன இருக்கிறது? பெரிய கோயில் கல்லே வெளியிலிருந்து வந்ததுதானே. ஆனால் தமிழ்நாட்டுக்குள்ளேயே இரும்பு இருந்தது. சேலத்துக் கஞ்சமலை போன்ற இடங்களில் இரும்புக் கல்லும் இருந்தது, அதை உருக்கக் கரிக்கு வேண்டிய காடும் இருந்தது. இரும்பு உள்நாட்டுச் சரக்கு. செய்தவருடைய முதல் தீர்மானம் இதுதான்: பொருள் இரும்பு.

இரும்பென்று முடிவானதுமே அடுத்த சிக்கல். இரும்பை வார்க்க முடியாது. இன்றைக்கு வார்ப்பிரும்புக் குழாயும் அடுப்பும் பார்த்துப் பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கும். வார்க்க வேண்டுமானால் இரும்பு தண்ணீர்போல உருகி ஓட வேண்டும். அதற்கு உயரமான பெரிய ஊதுலை வேண்டும். நம் நாட்டு உலை சிறியது, ஆள் உயரம் இருந்தாலே அதிகம். கரியும் கல்லும் போட்டுத் துருத்தியால் ஊதினால், கடைசியில் கிடைப்பது தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக ஓர் இரும்புக் கட்டி. அதில் கிட்டம் கலந்திருக்கும். பழுக்கக் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து அடித்துக் கிட்டத்தை வெளியேற்றினால்தான் வேலைக்கு ஆகும் தேனிரும்பு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் உலைக்குப் பத்து கிலோ கட்டி என்று தாராளமாக வைத்தாலும், அடிப்பதில் பாதி போய்விடும். 22 டன்னுக்கு நாலாயிரத்துக்கு மேற்பட்ட முறை உலை வைக்க வேண்டும். அத்தனை சின்னச் சின்னத் துண்டுகளை ஒன்றாக்கி 25 அடிக் குழல் செய்ய வேண்டும். இதுதான் அந்தக் கொல்லர்கள் முன் இருந்த வேலை.

பீரங்கியின் வாய் அருகே நின்று பார்த்தால் அவர்கள் கண்ட வழி தெரியும். உள்ளே, குழலின் நீளவாட்டில், இரும்புப் பட்டைகளை மரப் பீப்பாயின் பலகைகள் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் வட்டமாக அடுக்கியிருக்கிறார்கள். மொத்தம் 43 பட்டைகள். அவற்றின் மேல் இரும்பு வளையங்களை ஒன்றையடுத்து ஒன்றாக நெருக்கி மாட்டியிருக்கிறார்கள். அதுவும் ஒரு சுற்று இல்லை, மூன்று அடுக்கு. வாயின் உள் அகலம் சுமார் 63 செ.மீ., வெளி அகலம் சுமார் 94 செ.மீ. ஆக சுவரின் கனம் ஏறக்குறைய அரை அடி.

வளையத்தை எப்படி மாட்டினார்கள்? இதற்கு விடை என் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்பதே நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். சின்ன வயதில் ஊர்க் கொல்லர் வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை கட்டுவதை நின்று பார்க்காதவர் உண்டா? குடம், ஆரக்கால், வட்டை எல்லாம் தச்சர் வேலை. அது முடிந்ததும் சக்கரம் கொல்லரிடம் வரும். வட்டையின் சுற்றளவைவிடக் கொஞ்சம் குறைவாக இரும்புப் பட்டையை வளைத்துப் பற்ற வைப்பார். வரட்டியை வட்டமாக அடுக்கி மூட்டி, பட்டையை அதில் போட்டுச் சிவக்கக் காய்ச்சுவார். சூட்டில் பட்டை விரியும். இரண்டு மூன்று பேர் குறடால் தூக்கிவந்து சக்கரத்தின் மேல் இறக்கி, தட்டி உட்கார வைத்து, உடனே தண்ணீர் ஊற்றுவார்கள். புகையும் ஆவியுமாக இருக்கும். மரம் "கிறீச்" என்று சத்தம் போடும். பட்டை சுருங்கி, ஆரக்கால்களைக் குடத்தை நோக்கி இறுக்கிவிடும். பிறகு ஆணி கழன்றாலும் பட்டை கழலாது.

ராஜகோபால பீரங்கி இதே வேலைதான். மரச் சக்கரம் இருந்த இடத்தில் 43 இரும்புப் பட்டைகளால் ஆன குழல். வளையத்தைக் காய்ச்சி விரித்து மாட்டுகிறார்கள். ஆறும்போது அது சுருங்கி உள்ளிருப்பதை நெருக்குகிறது. முக்கால் மீட்டர் அகல வளையம் நன்றாகச் சிவந்தால் அகலத்தில் ஏழெட்டு மில்லிமீட்டர்தான் கூடும். அந்த இடைவெளிக்குள் வேலை முடிய வேண்டும். அளவு பிசகிப் பெரிதாகிவிட்டால் பிடிப்பு இருக்காது. சிறிதாகிவிட்டால் பாதியிலேயே கவ்விக்கொண்டு நகராது. அந்தக் காலத்தில் வெர்னியர் அளவுகோலா இருந்தது? கயிறும் கண்ணும் கைப்பழக்கமும்தான்.

வளையங்களை அடுக்கியதிலும் யோசனை இருக்கிறது. வெடிமருந்து வெடிக்கும்போது குழலைப் பக்கவாட்டில் பிளக்கும் விசை, நீளவாட்டில் இழுக்கும் விசையைப்போல இரண்டு மடங்கு. இன்று பொறியியல் கல்லூரியில் கொதிகலன் பாடத்தில் இதைச் சொல்லித்தருகிறார்கள். பிளக்கும் விசையைத் தாங்குவது வளையம். அதனால்தான் நீளப் பட்டை ஒரு வரிசை, வளையம் மூன்று அடுக்கு. சூத்திரம் தெரிந்து செய்ததில்லை. சக்கரம் எங்கே விரியும், பீப்பாய் எங்கே பிளக்கும் என்று தெரிந்தவர்கள் செய்தது.

இந்த முறையில் இன்னொரு வசதியும் உண்டு. 20 டன் வெண்கலத்தை ஒரே வார்ப்பில் ஊற்றும்போது ஒன்று கெட்டால் எல்லாம் கெட்டது. அடித்துச் செய்யும்போது ஒரு வளையம் சரியில்லையென்றால் அதை மட்டும் ஒதுக்கிவிட்டு வேறொன்று செய்துகொள்ளலாம். ஒரு பெரிய ஆலை வேண்டியதில்லை, பல பட்டறைகள் சேர்ந்து செய்யலாம். இருக்கிற உலை, இருக்கிற ஆள், இருக்கிற பழக்கம் எதையும் மாற்றாமல் பெரிய வேலையை முடிக்க இதைவிட நல்ல வழி இருந்திருக்க முடியாது.

சரி, இரும்பிலேயே ஏன் சாதாரணத் தேனிரும்பு? தென்னாட்டு உருக்கு, மேலைநாட்டு வாள் செய்வோர் தேடி வாங்கிய சரக்காயிற்றே? உருக்கு கூர்மைக்கு நல்லது, குழலுக்கு ஆகாது. கார்பன் அதிகம், அதனால் கடினம் அதிகம். அதிர்ச்சியில் விரிசல் விடும். மூசையில் சிறு சிறு கட்டியாகத்தான் கிடைக்கும். வெள்ளை வெளேரென்று காய்ச்சிப் பற்ற வைக்கப் போனால் பொரிந்து கெட்டுவிடும். தேனிரும்பு மெத்தென்றது. அடிபட்டால் நசுங்கும், நீளும், சட்டென்று சிதறாது. பீரங்கிக்கு அருகில் நிற்கப் போகிறவர்களுக்கு வேண்டியது அந்தக் குணம்தான். நாட்டுத் துப்பாக்கிக் குழலிலும் இதே வழக்கம் இருந்தது. மெல்லிய தேனிரும்புப் பட்டையைக் கம்பியின் மேல் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டவைப்பார்கள். சிறிதானாலும் பெரிதானாலும் புத்தி ஒன்றுதான்.

குண்டு விஷயமும் அப்படியே. இரண்டடி அகல வாய் கல்குண்டுக்கு உரியது. 60 செ.மீ. குறுக்களவுள்ள கருங்கல் குண்டு 300 கிலோ இருக்கும். அதே அளவில் இரும்புக் குண்டென்றால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அதைத் தள்ள எவ்வளவு மருந்து வேண்டும், குழல் எவ்வளவு கனம் வேண்டும்! கல் தச்சருக்கோ நம் நாட்டில் பஞ்சமில்லை.

இருக்கும் இடமும் யோசித்துத் தேர்ந்ததுதான். செஞ்சிக்கும் திருச்சிக்கும் மலை இருக்கிறது. தஞ்சாவூருக்கு ஏது? அதனால் மேடு கட்டி அதன்மேல் ஏற்றினார்கள். 22 டன்னை நம் களிமண் வழியில் இழுத்துக்கொண்டு சண்டைக்குப் போக முடியாது. ஓரிடத்தில் நின்று வாயிலைக் காக்க வேண்டிய பொருளாகவே இதைச் செய்திருக்கிறார்கள்.

இப்போது டேனிஷ்காரர் கதைக்கு வருவோம். ஓவ் கெட்டே என்பவரின் கப்பல்கள் வந்து, 1620 நவம்பரில் ரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை ஆகித் தரங்கம்பாடி அவர்கள் கைக்குப் போனது உண்மை. டென்மார்க் அரசருக்கு நாயக்கர் அனுப்பிய பொன்னோலை இன்றும் அங்கே இருக்கிறது. ஆனால் பட்டையும் வளையமுமாகப் பீரங்கி செய்யும் முறையை ஐரோப்பா அப்போது விட்டு நூறு ஆண்டு ஆகியிருந்தது. அங்கே அந்த முறையில் செய்த பெரிய பீரங்கிகளில் பேர்பெற்றது ஸ்காட்லாந்தின் எடின்பரோ கோட்டையில் இருக்கும் மான்ஸ் மெக். அது 1449-இல் செய்யப்பட்டது. எடை ஏழு டன் அளவுதான், நம்முடையதில் மூன்றில் ஒரு பங்கு. 1680-ஐ ஒட்டி ஓர் அரசகுமாரனின் பிறந்தநாள் மரியாதைக்குச் சுட்டபோது அதன் வளையம் வெடித்துப் போனது. 1543-லேயே இங்கிலாந்தில் பீரங்கியை வார்ப்பிரும்பில் வார்க்கத் தொடங்கிவிட்டார்கள். 1620-இல் கப்பலேறி வந்தவர் சொல்லிக்கொடுத்திருந்தால் வார்ப்பதைத்தான் சொல்லிக்கொடுத்திருப்பார், தம் ஊரில் மறந்துபோன வேலையை அல்ல.

ஒன்றை மறைக்க வேண்டியதில்லை. வெடியாயுதம் என்ற எண்ணமே வெளியிலிருந்து வந்ததுதான். "பீரங்கி" என்ற சொல் ஃபிரங்கி என்பதிலிருந்து வந்தது, "துப்பாக்கி" துருக்கியச் சொல். எண்ணம் கடல் கடந்து வந்தது. செய்த முறை நம் கொல்லுப்பட்டறையுடையது.

இன்னும் ஒரு வேடிக்கை. 1855 வாக்கில் இங்கிலாந்தில் ஆம்ஸ்ட்ராங் என்பவர் புதுவகைப் பீரங்கி செய்து பெரும் பெயர் எடுத்தார். தேனிரும்புச் சுருளால் வளையங்கள் செய்து, காய்ச்சி, குழலின் மேல் மாட்டிச் சுருங்க வைப்பதுதான் அதன் உத்தி. அந்தச் சமயத்தில் கீழவாசல் பீரங்கிக்கு வயது இருநூறுக்கு மேல்.

இதையெல்லாம் ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர்களில் முக்கியமானவர் கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியம். டெல்லி இரும்புத் தூண் ஏன் துருப்பிடிக்கவில்லை என்று ஆராய்ந்தவர். அவரும் உடன் ஆராய்ந்தவர்களும் 2004-இல் தஞ்சைப் பீரங்கியைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். காய்ச்சி அடித்துச் செய்த இரும்புப் பீரங்கிகளில் உலகின் மிகப் பெரியவற்றுள் இது ஒன்று என்றார்கள். நம் ஊர் மழைக்கும் ஈரக்காற்றுக்கும் நானூறு ஆண்டு கிடந்தும் இது உளுத்துப் போகாததற்கு, கரியில் உருக்கிய பழைய இரும்பில் தங்கிவிடும் பாஸ்பரஸ் ஒரு காரணம் என்பது அவர் கருத்து. அது மேலே ஒரு காப்புப் படலம் உண்டாக உதவுகிறது.

பீரங்கியைப் பற்றிப் பேசும்போது ரகுநாத நாயக்கர் பெயர் வருகிறது, டேனிஷ்காரர் பெயர் வருகிறது. பட்டறையில் வெந்தவர்கள் பேச்சே வருவதில்லை. அவர்களுடைய கைவேலை அதன்பின் வண்டிச் சக்கரத்தில்தான் நம் காலம் வரை உயிரோடு இருந்தது. டயர் வண்டி வந்தது, டிராக்டர் வந்தது. பட்டை கட்டும் வேலையும் போய்விட்டது. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அந்த வேலை தெரிந்தவர்களை இப்போது விரல்விட்டு எண்ணிவிடலாம். எல்லோரும் எழுபது எண்பதைத் தாண்டியவர்கள்.

பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்தால் ஒருநாள் சாயங்காலம் கீழவாசலுக்கு அழைத்துப் போங்கள். வாய் ஓரத்தில் உள்பட்டைகளை எண்ணச் சொல்லுங்கள். வெளியே வளையங்கள் சேரும் கோடுகளைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் சக்கரத்துக்குப் பட்டை கட்டிய கொல்லர் யாராவது இன்னும் இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். புத்தகம் படித்த நம்மைவிட அவருக்கு அந்தப் பீரங்கி நன்றாகப் புரியும்.