மாணவர்க்கு அளந்த நெல்: தமிழகக் கல்விச்சாலைகளில் மாணவரைப் பேணிய முறை

சங்கரநாராயணர் கோயிலால் பெயர்பெற்ற சங்கரன்கோயில், 2019-ஆம் ஆண்டில் அமைந்த தென்காசி மாவட்டத்தின் வடபகுதியில் உள்ளது. வானம் பார்த்த நிலமும், குளத்துப் பாசனமும், விசைத்தறியும் இவ்வட்டார மக்களுக்கு வாழ்வு தருவன. இதனை அடுத்த மேலநீலிதநல்லூரில் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரி உள்ளது. 1990-இல் தோன்றிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் திருநெல்வேலியில் உள்ளது. இத்தகைய நிலப்பகுதியிலிருந்து உயர்கல்விக்கு வரும் மாணவர்க்குப் பாடமும் ஆசிரியரும் மட்டும் போதா. உணவு, தங்குமிடம், மருத்துவம், குறை கேட்கும் அவை ஆகியனவும் வேண்டும். இவற்றை இந்நாளில் ‘மாணவர் நலப்பணிகள்’ என்கிறோம்.

இப்பணிகள் மேனாட்டுப் பல்கலைக்கழக முறையோடு நம் நாட்டிற்கு வந்தவை என்பது பலர் கருத்து. அக்கருத்து முழுதும் பொருந்துமாறில்லை என்பதைத் தமிழகத்துச் செப்பேடுகளும் கல்வெட்டுக்களும் காட்டுகின்றன. அவற்றுள் சிலவற்றை ஆராய்ந்து, மாணவரைப் பேணுதல் எம்முறையில் உறுதி செய்யப்பெற்றது என்பதையும், அவ்வுறுதி யாரைச் சென்று சேர்ந்தது என்பதையும் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் தென்கோடியிலுள்ள சான்றினைக் காண்போம். கி.பி. 866-இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் முஞ்சிறைக்கு அருகே பார்த்திவசேகரபுரம் என்னும் ஊரை அமைத்து, திருமாலுக்குக் கோயில் எடுத்து, அதனோடு ஒரு சாலையும் நிறுவினான். காந்தளூர்ச் சாலையின் முறைமையைப் பின்பற்றி அமைந்த அச்சாலையில் 95 சட்டர்க்கு இடம் இருந்தது. பவிழிய சரணத்தார் 45 பேர், தைத்திரிய சரணத்தார் 36 பேர், தலவகார சரணத்தார் 14 பேர் எனச் செப்பேடு அவ்விடங்களைப் பகுத்துரைக்கின்றது. சட்டர் என்பார் சாலையில் தங்கிப் பயின்றோர் ஆவர். அவர்கள் தம்முள் இழிசொல் கூறுதலையும், கைகலத்தலையும், படைக்கலம் எடுத்தலையும் இச்செப்பேடு விலக்குகின்றது. மீறினார்க்குத் தண்டமும் வகுக்கின்றது. உணவளித்தலோடு அமையாமல், உடன் பயில்வாரால் ஒருவர்க்கு ஊறு நேராமற் காத்தலும் சாலையின் கடனாகக் கருதப்பட்டது என்பது இதனால் விளங்கும். பகடிவதையைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2009-ஆம் ஆண்டில் விதிகள் வகுத்தது. அதற்கு 1,143 ஆண்டுகட்கு முன்னரே, உறைவிடக் கல்வியில் இத்தகைய காப்பு வேண்டும் என்பதைத் தென்தமிழகத்தார் உணர்ந்திருந்தனர்.

இனிச் சோழநாட்டு ஆட்சிக்குட்பட்ட வடபகுதிக்குச் செல்வோம். இன்றைய விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில், முதல் இராசேந்திரன் காலத்தில், 1025-ஆம் ஆண்டளவில் ஏற்பட்ட கல்லூரியைப் பற்றிய கல்வெட்டு, மாணவர் தொகையையும் அவர்தம் உணவளவையும் விரிவாகத் தருவது. அங்கு இளநிலை மாணவர் 270 பேர். முதுநிலை மாணவர் 70 பேர். ஆகமொத்தம் 340 பேர். முதுநிலையில் 25 பேர் இலக்கணமும், 35 பேர் பிரபாகர மீமாம்சையும், 10 பேர் வேதாந்தமும் பயின்றனர். இளநிலை மாணவர் ஒருவர்க்கு நாள் ஒன்றுக்கு நெல் 6 நாழி. முதுநிலை மாணவர்க்கு 1 குறுணி 2 நாழி. குறுணி என்பது 8 நாழி ஆதலின், முதுநிலை மாணவர் பெற்றது 10 நாழி ஆகின்றது.

இக்கணக்கினைச் சிறிது விரித்துக் காண்பது பயன் தரும். 270 பேர்க்கு 1,620 நாழி. 70 பேர்க்கு 700 நாழி. மொத்தம் 2,320 நாழி. ஒரு கலம் 96 நாழி ஆதலின், மாணவர் பொருட்டு மட்டும் நாள்தோறும் 24 கலம் 2 குறுணி நெல் அளக்கப்பட வேண்டும். ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்பது சோழர் கல்வெட்டுக்களிற் பயிலும் குற்றல் அளவு. அவ்வளவின்படி இளநிலை மாணவர் 2 நாழிக்கு மேலும், முதுநிலை மாணவர் 4 நாழியும் அரிசி பெற்றனர் எனலாம். மேற்படிப்புக்குச் செல்லச் செல்ல மாணவன் தேவையும் பெருகும் என்பதை அக்காலத்தார் அறிந்திருந்தனர். இச்செலவிற்கும் ஆசிரியர் 14 பேர்க்கு அளிக்கும் ஊதியத்திற்கும் 45 வேலி நிலம் ஒதுக்கப்பட்டது.

ஈண்டு ஒன்று சிறப்பாகக் கருதத்தக்கது. மாணவர்க்கு உரியது காசாக அன்றி நெல்லாகக் குறிக்கப்பட்டது. காசின் வாங்கும் ஆற்றல் விலையேற்றத்தால் குன்றும்; 6 நாழி நெல் எந்நாளும் 6 நாழி நெல்லே. விளைவு பொய்க்கும் ஆண்டில் இம்முறையும் தளர்ந்திருக்கும் என்று கூறுவார் உளராயின், அது உண்மையே. எனினும் மாணவனுக்கு என்ன உரியது என்பதில் அங்கு ஐயத்திற்கு இடமில்லை. அளவு கல்லில் இருந்தது. குறைத்து அளந்தால் குறை எவ்வளவு என்பதைச் சுட்டிக்காட்ட இயலும்.

புதுச்சேரியை அடுத்த திருபுவனையில் உள்ள 1048-ஆம் ஆண்டுக் கல்வெட்டு முதல் இராசாதிராசன் காலத்தது. அங்கு 260 மாணவரும் 12 ஆசிரியரும் இருந்தனர். பயில்வோரும் பயிற்றுவோரும் ஊர்ச்சபையின் வாரியப் பணிகளிலிருந்து விலக்கப்பெற்றனர். ஊர்ப்பொறுப்புக்களால் படிப்பு இடையறாதிருத்தற்பொருட்டே இவ்விலக்கு அளிக்கப்பட்டிருத்தல் வேண்டும். உணவைப் போலவே நேரமும் மாணவர்க்கு அளிக்கத்தக்க உதவி என்பது இதனாற் புலனாகும். வீட்டுத் தறியிலும் வயலிலும் உழைத்துவிட்டு வகுப்பிற்கு வரும் மாணவரைக் கண்ட ஆசிரியர்க்கு இவ்விலக்கின் அருமை நன்கு தெரியும்.

மாணவர் நலம் பற்றிய சான்றுகளுள் மிக நிறைவானது, வீரராசேந்திரன் காலத்தில் 1067-ஆம் ஆண்டளவில் பொறிக்கப்பெற்ற திருமுக்கூடல் கல்வெட்டு ஆகும். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்திலுள்ள பெருமாள் கோயிலில் அக்கல்வெட்டு உள்ளது. அங்கு ஒரு கல்லூரியும், மாணவர் விடுதியும், ‘வீரசோழன்’ என்னும் பெயருடைய மருத்துவச்சாலையும் இருந்தன. விடுதியில் தங்கியோர்க்கு உணவேயன்றிப் பாயும், இரவில் விளக்கும், சனிக்கிழமை தோறும் தலைக்கு எண்ணெயும் வழங்கப்பட்டன.

மருத்துவச்சாலையில் 15 படுக்கைகள் இருந்தன. மாணவரும் ஆசிரியரும் கோயிற்பணி செய்வோரும் நோயுற்றால் அங்குத் தங்கினர். கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்னும் மருத்துவன் ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் பெற்றான். அறுவை மருத்துவன் ஒருவன், மூலிகையும் விறகும் கொணர்வோர் இருவர், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர், நாவிதன் ஒருவன், தண்ணீர் கொணர்வான் ஒருவன் ஆகியோர்க்கும் ஊதியம் வரையறுக்கப்பட்டது. சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் நிரலாகத் தரப்பட்டுள்ளன. விக்கிரம சோழன் காலத்தில், 1121-ஆம் ஆண்டளவில், திருவாவடுதுறையில் மருத்துவ நூல் பயின்ற மாணவர்க்கும் உணவளிக்க ஏற்பாடு இருந்தது. எனவே நோயுற்ற மாணவனைப் பேணுதலும், பேணத் தெரிந்த மாணவனை உருவாக்குதலும் அக்காலத்தில் ஒருங்கே நிகழ்ந்தன எனலாம்.

இச்சான்றுகளைக் கண்டு நாம் பெருமிதம் கொள்வது இயல்பு. ஆயினும் வரலாற்று ஆராய்ச்சி பெருமிதத்தோடு நின்றுவிடலாகாது. எண்ணாயிரத்தின் 340 இடங்களும், பார்த்திவசேகரபுரத்தின் 95 இடங்களும் வேதக் கல்விக்குரிய குலத்தார்க்கே உரியவாயிருந்தன. 45 வேலியை உழுது நெல் விளைவித்தவன் மகனுக்கு அக்கல்லூரியில் 6 நாழி நெல்லும் இல்லை, இடமும் இல்லை. பெண்டிர் மருத்துவச்சாலையிற் பணிபுரிந்தனர். மாணவர் வரிசையில் அவர்கள் குறிக்கப்பெறவில்லை. பேணும் முறை செம்மையாக அமைந்த இடத்தில் வாயில் குறுகியிருந்தது.

அவ்வாயில் அகன்ற வரலாறு பிற்காலத்தது. அதன் சில படிகள் திருநெல்வேலிப் பகுதியிலேயே நிகழ்ந்தன. 1841-இல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல்லின் ஒப்பிலக்கணப் பணியை நாம் நன்கறிவோம். அவர் துணைவியார் எலிசா அவ்வூரில் பெண்கட்கு விடுதியோடு கூடிய பள்ளி நடத்தியதை அத்துணை அறிந்திலோம். 1916-இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவி, தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்க்குக் கல்வியும் உறைவிடமும் கிடைக்கச் செய்தார். 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் மதிய உணவு அளித்தது. காமராசர் ஆட்சியில், 1956-இல், சங்கரன்கோயிலுக்குக் கிழக்கே கோவில்பட்டியை அடுத்த எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. ம. கோ. இராமச்சந்திரன் ஆட்சியில் 1982-இல் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. இவற்றால் பள்ளிக்கு வந்தோரின் வழித்தோன்றல்களே இன்று கல்லூரி வகுப்புக்களை நிரப்புகின்றனர்.

உயர்கல்வி நிலையில், அரசுப் பள்ளியிற் பயின்ற மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022-இலும், மாணவர்க்கு அதே தொகை வழங்கும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இலும் தொடங்கின. மாணவர் முறையீடுகளைக் கேட்டுத் தீர்க்கும் குழுக்களும், அவற்றின் மேல் ஒரு குறைதீர்ப்பாளரும் வேண்டும் எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2023-இல் விதித்தது. முற்காலச் சாலை சிலர்க்கு அளித்த காப்பு இந்நாளில் எல்லார்க்கும் உரிமையாகியுள்ளது. இம்மாற்றம் சோழர் கொடைகளினும் பெரிது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் பண்டைய முறையிடம் நாம் கற்கத்தக்கது ஒன்று எஞ்சியுள்ளது. அதுவே அளவின் உறுதி. எண்ணாயிரத்து மாணவன் தனக்குரிய நாழியை அறிந்திருக்க முடியும். திருமுக்கூடல் மாணவன் நோயுற்றால் தன்னைப் பார்க்க வேண்டிய மருத்துவன் பெயரையும் அறிந்திருக்க முடியும். இக்காலக் கல்லூரி ஒன்றின் மாணவர் நலப்பணியைத் தேர்வதற்கும் அவ்வளவுகோலே போதும். விடுதியில் எத்தனை இடம், உதவித்தொகை எந்நாளில் வரும், நோயுற்றார் யாரிடம் செல்வது, மனம் தளர்ந்தார்க்கு அறிவுரை கூறுவார் யார், முறையீட்டிற்கு எத்தனை நாளில் விடை என்பனவற்றை முதலாண்டு மாணவன் ஒருவன் தானே சொல்ல முடியுமாயின், அங்கு நலப்பணி உண்டு என்று கொள்ளலாம். சொல்ல இயலாதாயின், விதி இருந்தும் உதவி அவனைச் சேரவில்லை என்றே கொள்ளல் வேண்டும். உதவி இருப்பதை அறியாமற் படிப்பை விட்டவனுக்கு அவ்வுதவி இல்லாததே ஆகும்.

கோயிற் கல்வெட்டுக்களை அரசர் வரிசைக்கும் போர்ச் செய்திக்கும் ஆராய்ந்ததைப் போல, உணவு, விளக்கு, எண்ணெய், பாய் ஆகிய எளிய சொற்களுக்காகவும் முதுகலை மாணவர்கள் ஆராய்தல் வேண்டும். திருநெல்வேலி, தென்காசி மாவட்டக் கல்வெட்டுக்களில் சாலை, மடம் என வரும் இடங்களையெல்லாம் தொகுத்து, அங்கு உண்டவர் யாவர், பயின்றவர் யாவர், எவ்வளவு அளக்கப்பட்டது என்று பிரித்துக் காண்பது பயன்தரும் ஆய்வாகும். கல்வியை நம் முன்னோர் எவ்வாறு போற்றினர் என்பதைப் புகழ்மொழிகளைவிட, அவர்கள் மாணவர்க்கு அளந்த நாழியே தெளிவாக உரைக்கும் என்க.